வீட்டில் சும்மா இருந்தவர்

தெருவில் எல்லோரும் அவரை மைக் என்றே கூப்பிட்டார்கள். ரயில் நிலையத்தின் அறிவிப்பு அறையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம் என்று வாலிபத்திலிருந்து தலை நரைக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர். கடையில் தக்காளி விலை கேட்டால்கூட நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட குரல். ஒருநாள் நிலையத்துக்குக் கணினி வந்தது. முகம் தெரியாத ஒரு பெண்ணின் குரலைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி அது அறிவிப்புச் சொல்லத் தொடங்கியது. மைக்கின் கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து, ஓய்வு பெறும் வயதுக்குக் கொஞ்சம் முன்னதாகவே அனுப்பிவைத்துவிட்டார்கள்.

வீடு நிலையத்துக்குப் பின்தெருவில்தான். ஜன்னலைத் திறந்தால் அந்தப் பெண் குரல் உள்ளே வரும். மைக் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்.

"பாவம், அந்தப் பொண்ணு என்ன செய்யும்," என்பாள் அவர் மனைவி. "மூச்சுகூட விடாம பேசிக்கிட்டே இருக்கு."

வேலையில்லாத மனிதர் வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியாமல், மனைவி கூட்டுகிற இடத்திலெல்லாம் நின்றார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒரு காலையில் செய்தித்தாளை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். படித்துக் காட்ட ஆள் தேவை, தெளிவான குரல் அவசியம் என்று ஓரத்தில் நாலு வரி விளம்பரம்.

"போய்ப் பாருங்க. உங்க குரலுக்கும் நல்லது, என் காதுக்கும் நல்லது."

டயர் கடைக்கு மேல் இரண்டு அறை. மாடிப்படி முழுக்க ரப்பர் வாசனை. உள்ளே இருந்தவர் ஒரு வக்கீலம்மா, பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவர். நாற்பதைத் தாண்டியிருப்பார். கோர்ட்டில் வாதாடுவதைக் குறைத்துக்கொண்டு, பழைய தீர்ப்புகளைச் சேகரித்து, சட்டம் பெண்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னது என்ன, உண்மையில் கொடுத்தது என்ன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். தட்டச்சு செய்ததை வாசித்துச் சொல்லும் கணினி அவரிடம் இருந்தது. ஆனால் பழைய தீர்ப்புகள் எல்லாம் கார்பன் தாளில் அடித்து மங்கிப்போனவை. அவற்றின் முன்னால் கணினி வாயைத் திறக்கவில்லை.

விபத்தில் இறந்த ஒரு பெண்ணைப் பற்றிய தீர்ப்பை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மைக் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் நின்றது.

ஒரு பக்கம் முடிந்ததும் வக்கீலம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரொம்ப நல்ல குரல் அண்ணா. ஆனா நீங்க படிக்கிறதைக் கேட்டா, செத்துப்போன அந்த அம்மா மூணாவது நடைமேடைக்கு வந்துக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கு."

மைக்குக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. "எனக்கு வேற மாதிரி வராதும்மா."

"வரும். ஊருக்குச் சொல்லாதீங்க. எனக்கு ஒருத்திக்குச் சொல்லுங்க, போதும்."

அது பழக அவருக்குப் பல வாரம் ஆயிற்று. அதற்குள் டீயில் யாருக்கு எவ்வளவு சர்க்கரை, எந்த ஜன்னல் ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் இருவருக்கும் அத்துப்படியாகிவிட்டது. அவர் படிப்பார், வக்கீலம்மா கேட்டுக்கொண்டே கணினியில் கட்டம் கட்டமாகக் குறித்துக்கொள்வார்.

அப்போது அவர்கள் கையில் இருந்தவை சாலை விபத்து வழக்குகள். குடும்பத்தில் ஒருவர் இறந்துபோனால் அந்த இழப்புக்கு ஈடாக எவ்வளவு கொடுப்பது என்று கோர்ட் தீர்மானிக்கிற வழக்குகள். இறந்தவர் ஆணாக இருந்தால் தீர்ப்பு நீளமாகப் போகும். முதலாளி வந்து சாட்சி சொல்வார், கூட வேலை பார்த்தவர் சொல்வார், இன்னும் எத்தனை வருடம் உழைத்திருப்பார் என்று வாதம் நடக்கும். வீட்டைக் கவனித்துக்கொண்ட பெண்ணாக இருந்தால், 'இறந்தவர் வீட்டில் சும்மா இருந்தவர், வருமானம் ஏதுமில்லை' என்று வரும். அதற்கப்புறம் ஒரு சின்னத் தொகை. தீர்ப்பு முடிந்துவிடும்.

"இந்த வரியை நேத்தும் படிச்சோம் இல்ல?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"முந்தாநாளும் படிச்சோம்மா. வேற ஊரு, வேற ஜட்ஜ்."

"அதே வரி."

"அதே வரிதான். ஒரு எழுத்து மாறல."

வக்கீலம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அதுவரை அவர் தொகையை மட்டுமே குறித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு இன்னொரு கட்டம் சேர்த்தார்: அந்தப் பெண்ணைப் பற்றிச் சாட்சியிடம் கேட்ட கேள்விகள் எவை? முடித்த தீர்ப்புகளையெல்லாம் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. மைக் முணுமுணுத்துக்கொண்டே படித்தார். குவியல் கரையக் கரைய விஷயம் தெளிவானது. பெரும்பாலான வழக்குகளில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. வேலைக்குப் போனாரா? இல்லை என்றதும் சாட்சியைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். எங்கேயோ சில வழக்குகளில் மட்டும், யாரோ ஒரு வக்கீல் நின்று நிதானமாக அந்தப் பெண்ணின் ஒரு நாளைப் பற்றி விசாரித்திருந்தார். அங்கெல்லாம் தொகை பலமடங்கு கூடியிருந்தது.

"ஜட்ஜுங்க கல்நெஞ்சுக்காரங்கன்னு நினைச்சேன்," என்றார் வக்கீலம்மா. "பாதிப் பேருக்கு யாரும் எதையும் சொல்லவே இல்ல அண்ணா."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த மைக், மனைவி துணி மடித்துக்கொண்டிருந்த கட்டிலில் உட்கார்ந்தார்.

"நீ காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கிற?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை வருஷமா பக்கத்துலதானே படுத்திருக்கீங்க?"

"இல்ல, எழுந்ததுலேர்ந்து என்னென்ன வேலை செய்யறன்னு கேக்கறேன்."

"எதுக்கு? என்னை விக்கப் போறீங்களா?"

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு சட்டையின் காலரை நீவிக்கொண்டிருந்தாள்.

"செஞ்சதைக் கேட்டா எனக்கே சொல்ல வராது," என்றாள். "அக்காவுக்கு ஆபரேஷன்னு நான் போயிருந்தேனே, ஞாபகம் இருக்கா? அப்ப இங்க எதெல்லாம் நின்னு போச்சுன்னு கேளுங்க. அது உங்களுக்கே தெரியும்."

மைக்குக்குத் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி காலியாகி, அப்போது உடன் இருந்த தன் அம்மாவின் மாத்திரை மாறிப்போய், பையன் ஒரே சட்டையில் பள்ளிக்கூடம் போன வாரம் அது.

"இன்னொண்ணு," என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "இந்த வீட்ல நான் கடிகாரமே பார்த்ததில்ல. மேற்கு வண்டி வருதுன்னு உங்க குரல் கேட்டா அடுப்பைப் பத்த வைப்பேன். கடைசி பாசஞ்சர்னு சொன்னா தட்டெடுத்து வைப்பேன். இப்ப அந்தப் பொண்ணு சொல்லுது, ஆனா எனக்கு நேரமே பிடிபட மாட்டேங்குது."

மைக் அவளோடு சேர்ந்து துணி மடிக்க ஆரம்பித்தார். அவர் மடித்ததை எல்லாம் அவள் பிரித்து மறுபடி மடித்தாள்.

அவள் சொன்னதை மறுநாள் வக்கீலம்மாவிடம் சொன்னார். "அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க," என்று அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துப் பெயின்டர் வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நகக்கண்ணில் எல்லாம் நீலச் சாயம். சாலையைக் கடக்கும்போது அவர் மனைவியின் மேல் லாரி ஏறிவிட்டது. கீழ்க்கோர்ட்டில் அதே வரிதான் அவருக்கும் கிடைத்திருந்தது. வக்கீலம்மா மேல் முறையீட்டைத் தானே எடுத்துக்கொண்டார். சேகரித்த புள்ளிவிவரத்தையெல்லாம் மனுவோடு சேர்த்துக் கொடுத்து, சாட்சியை மறுபடி விசாரிக்க அனுமதியும் வாங்கிவிட்டார். ஆனால் பெயின்டருக்குப் பேச வாய் வரவில்லை.

"வீட்ல அவங்க என்ன செஞ்சுக்கிட்டிருந்தாங்க?"

"என்ன மேடம் செய்வா. சும்மாதான் இருந்தா. எல்லார் வீட்லயும் போல."

வக்கீலம்மா மைக் இருந்த பக்கம் தலையைத் திருப்பினார். மைக் தன் நாற்காலியை இழுத்துப் பெயின்டரின் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, இப்ப வீட்ல என்னென்ன நின்னு போயிருக்கு?"

பெயின்டர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பாவைக் குளிப்பாட்டுறது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் என்னால முடியுது. அவருக்கு ஒரு பக்கம் கை கால் வராது. அவ எப்படித் தூக்கினான்னு தெரியல, சின்ன உருவம்தான்."

"அப்புறம்?"

"வேலைக்குக் கூப்பிடுறவங்க வீட்டுக்குத்தான் போன் பண்ணுவாங்க. எங்க, என்னிக்குன்னு அவதான் பார்த்துக்குவா. போன மாசம் ரெண்டு இடம் விட்டுப்போச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "பாப்பாவுக்குக் காது சரியாக் கேக்காது. மெஷின் வச்சிருக்கு. அவ தினமும் கண்ணாடி முன்னாடி பாப்பாவை மடியில வச்சுக்கிட்டு, உதட்டைக் காட்டிக் காட்டிப் பேச வைப்பா. ஆஸ்பத்திரியில சொல்லிக் கொடுத்தாங்க. 'பா'ன்னா உதடு ஒட்டும் பாரு, 'தா'ன்னா நாக்கு பல்லைத் தொடும் பாருன்னு. நான் வேலை முடிஞ்சு வந்தா ஒவ்வொரு நாளும் ஒரு புது வார்த்தை இருக்கும்."

"இப்ப?"

"இருந்த வார்த்தையும் போயிடுச்சு அண்ணா."

டயர் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். வக்கீலம்மா தண்ணீர்க் குவளையைத் தடவி எடுத்து, பெயின்டர் இருந்த திசையில் நீட்டினார்.

விசாரணையன்று மைக்கும் கோர்ட்டுக்குப் போனார். பின்வரிசையில் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்திருந்தாள். தன் யோசனை என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம். பெயின்டர் தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். கெட்ட மனிதர் அல்ல. பேச்சில் மரியாதை இருந்தது.

"நீங்க சொல்றதெல்லாம் ஒரு தாயோட அன்பு. அன்புக்கு விலை போட முடியுமா? நீங்களே சொல்லுங்க."

பெயின்டர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

"அன்பு எனக்கும் இருக்குங்க. பாப்பா மேல உசிரையே வச்சிருக்கேன். ஆனா எனக்கு அது செய்யத் தெரியலையே."

அந்த வக்கீல் கையில் வைத்திருந்த தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். மைக் திரும்பிப் பார்த்தபோது மனைவி கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். தன்னுடையதை நீட்டினார். "இதைத் துவைச்சு எத்தனை நாளாச்சு," என்று முனகிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

தீர்ப்பு வர மாதக்கணக்கில் ஆனது. வந்த அன்று மைக் அதை மாடியில் படித்துக் காட்டினார். கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. அவர் செய்த வேலைகளுக்குப் பயிற்சி பெற்ற ஆட்களை வைத்தால் கொடுக்கும் சம்பளத்தையே அளவாக வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை நீதிபதிகள் ஏற்கவில்லை. ஆனாலும் தொகையைக் கணிசமாக உயர்த்தியிருந்தார்கள். அதைவிட முக்கியமான ஒரு பத்தி இருந்தது. வக்கீலம்மாவின் ஆய்வைச் சுட்டிக்காட்டி, இறந்தவர் வேலைக்குப் போகவில்லை என்ற பதிலோடு விசாரணையை முடிக்கக்கூடாது, வீட்டில் அவர் செய்த வேலைகளைக் கீழ்க்கோர்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், அவர் இல்லாமல் எவை நின்றுபோயின என்றும் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

"அந்தப் பத்தியை மறுபடி படிங்க."

படித்தார்.

"இன்னொரு தடவை, அண்ணா."

இந்த முறை அவருக்குப் பழைய குரல் தானாக வந்துவிட்டது. டயர் கடைவரை கேட்டிருக்கும். வக்கீலம்மா தடுக்கவில்லை.

பெயின்டர் அந்தப் பணத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்தார். காலை வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போய், கண்ணாடி முன்னால் எப்படி உட்கார வேண்டும், உதட்டை எப்படிக் காட்ட வேண்டும் என்று தானே கற்றுக்கொண்டார். அவர் மீசை மறைப்பதாகப் பயிற்சியாளர் சொன்னதும் அன்றே எடுத்துவிட்டார். குழந்தை இரண்டு நாள் அவரிடம் வர மறுத்ததாம். போனில் இதைச் சொல்லும்போது சிரித்தார். அவர் சிரிப்பை மைக் கேட்டது அதுதான் முதல்முறை.

ஒன்றிரண்டு வருடத்தில் புதிய தீர்ப்புகள் மாடிக்கு வரத் தொடங்கின. எல்லாக் கோர்ட்டும் மாறிவிடவில்லை. சில இடங்களில் பழைய வரி அப்படியே தொடர்ந்தது. வக்கீலம்மா அவற்றைத் தனியாகக் குறித்து மேல்கோர்ட்டுக்கு எழுதினார். ஆனால் பல தீர்ப்புகள் நீண்டுபோயின. அரைப் பக்கத்தில் முடிந்துகொண்டிருந்த பெண்கள் இப்போது பக்கம் பக்கமாக வந்தார்கள். மைக்குக்குத் தொண்டை கட்டியது. மனைவி வெந்நீர் போட்டு பிளாஸ்கில் கொடுத்தனுப்பினாள்.

"உங்களாலதான் இந்த வேதனை," என்று வக்கீலம்மாவிடம் புகார் சொன்னார்.

"படிங்க, படிங்க."

ஒரு மத்தியானம், ஒரு கல்லூரி மாணவன் தன் அம்மாவைப் பற்றிச் சொன்ன சாட்சியைப் படித்துக்கொண்டிருந்தார். சமையல், துணி, தங்கையின் பாடம் எல்லாம் சொல்லி முடித்தபின், வேறு ஏதாவது உண்டா என்று நீதிபதி கேட்டிருக்கிறார். நான் பரீட்சைக்குப் படிக்கும்போது தூங்காமல் எதிரில் உட்கார்ந்திருப்பார், பேச மாட்டார், சும்மாதான் இருப்பார், ஆனால் அவர் இருந்தால்தான் எனக்குப் படிப்பு ஓடும் என்று பையன் சொல்லியிருந்தான். அதையும் ஒரு வரி விடாமல் பதிவு செய்திருந்தார்கள்.

மைக் நிறுத்திவிட்டு வெந்நீர் குடித்தார். வக்கீலம்மாவின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அசையாமல் இருந்தன.

"இதை எந்தக் கட்டத்துல போடறதும்மா?"

"தெரியல அண்ணா," என்றார் அவர். "புதுசா ஒண்ணு திறக்கணும்."

அன்று மைக் வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பினார். வழியில் மனைவிக்குப் பிடித்த மாம்பழம் வாங்கிக்கொண்டார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சினிமாவுக்குப் போயிருப்பதாகவும், பசித்தால் எடுத்துப் போட்டுச் சாப்பிடும்படியும் எதிர்வீட்டில் சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் உள்ளே போய், பழத்தைக் கழுவி மேசைமேல் வைத்தார். கொடியில் துணி காய்ந்திருந்தது. எடுத்துவந்து, காலரை நீவி, அவள் மடிப்பது போலவே மடித்துப் பார்த்தார்.