தொண்ணூறு நொடிச் சொற்கள்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக மைக்கில் பேசிக்கொண்டிருந்தவள் விஜயலட்சுமி. ஒரு தனியார் விளம்பரக்காரரின் சின்ன அறை அது. ஓர் ஆள் உட்காரலாம், ஒரு மின்விசிறி சுற்றலாம், அவ்வளவுதான். ஜவுளிக்கடைத் தள்ளுபடியையும் பாத்திரக்கடைத் திறப்புவிழாவையும் வாசிப்பாள். நடுநடுவே எந்த ஊர் வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்வாள். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் அவளிடம்தான் ஓடிவருவார்கள். முகம் யாருக்கும் தெரியாது, குரல் எல்லாருக்கும் தெரியும். வடக்கனந்தலில் அவள் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில் அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டாலே போதும், புதிதாக வந்தவர் திரும்பிப் பார்த்து, “மைக்ல பேசறவங்களா நீங்க?” என்பார்.

ஐம்பத்தொன்றாவது வயதில், ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், அந்தக் குரல் அவளைக் கைவிட்டது.

மலைக்குப் போகும் வண்டி வந்து நின்றிருந்தது. விஜயலட்சுமி மைக்கின் சுவிட்சைப் போட்டாள். “பயணிகள் கவனத்திற்கு” என்பது வழக்கம்போல வந்தது. அதற்கடுத்து ஊரின் பெயர் வரவேண்டும். வரவில்லை. வண்டி கண்ணுக்கு எதிரே நிற்கிறது, கூரையில் புளி மூட்டை ஏற்றுகிறார்கள், அந்த ஊரின் கடைத்தெருகூட மனசில் தெரிகிறது. பெயர் மட்டும் இல்லை.

“வெங்காயம் செல்லும் பேருந்து” என்றாள்.

வெளியே யாரோ சிரித்தார்கள். அவளுக்கே அது தப்பு என்று தெரிந்தது. திருத்துவதற்காக மறுபடியும் வாயைத் திறந்தாள். மறுபடியும் வெங்காயம்தான் வந்தது. வலது கையிலிருந்த பேனா நழுவித் தரையில் விழுந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நிமிடமோ நான்கோ கழிந்தன. பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல, ‘வெள்ளிமலை’ என்ற சொல் தானாக வந்து நின்றது. கையும் சரியாகிவிட்டது.

வேறு ஒருத்தியாக இருந்தால் நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டு டீ சொல்லியிருப்பாள். விஜயலட்சுமிக்கு அது முடியவில்லை. அவளுடைய அப்பா ஆதிமூலத்துக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. திருநாவலூரில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த மனிதர் ஒரு நாள் பேச்சு குழறி வரப்பிலேயே சாய்ந்தார். அதற்குப் பிறகு நான்கு வருடம் உயிரோடு இருந்தார். அந்த நான்கு வருடமும் அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல். ‘சரி’. சாப்பிட்டீர்களா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. சில நாள் கண்ணில் தண்ணீர் வழிய வழிய, எதையோ சொல்லியே ஆகவேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்து, “சரி, சரி, சரி” என்பார். என்ன கேட்கிறார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

புருஷனிடம் அவள் சொல்லவில்லை. இளஞ்செழியன் வடக்கனந்தலில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன், நல்லவன். சொன்னால் உடனே வண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான். போனால் அவர்கள் அந்த வியாதியின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அதற்குத்தான் பயம்.

அவளுடைய போனில் ஒரு சொல் விளையாட்டு இருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் இலக்கியா தீபாவளிக்கு வந்தபோது போட்டுக் கொடுத்தது. ஒரு வட்டத்தில் ஏழு எழுத்துகள் வரும். எதிரே எங்கேயோ ஒருவர் அதே ஏழு எழுத்துகளோடு இருப்பார். தொண்ணூறு நொடிக்குள் யார் அதிகச் சொற்களைக் கண்டுபிடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. நாம் போடுவது அவருக்கும் தெரியும், அவர் போடுவது நமக்கும் தெரியும். சரியான சொல் பச்சையில் வரும், சொல்லே இல்லாதது சிவப்பில் வரும். அன்று மத்தியானம், விளம்பரப் பதிவு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் அதைத் திறந்தாள். சொற்கள் வேகமாக வந்தால் தலைக்குள் ஒன்றுமில்லை என்று அர்த்தம். பயந்தவளின் கணக்கு அது.

நான்கு சொல்தான் வந்தது. எதிராளி பதினொன்று போட்டிருந்தார். மறுபடியும் ஆடினாள். மூன்று. ஒவ்வொரு தோல்வியும் வியாதியின் சாட்சியாகத் தோன்றியது. கடிகாரம் ஐம்பது, நாற்பது என்று இறங்க இறங்க, இருந்த எழுத்துகளும் வெறும் கோடுகளாகத் தெரிந்தன.

மறுநாள் பேருந்தில் வரும்போது அவள் வேறொன்று செய்து பார்த்தாள். தோற்ற ஆட்டத்தின் ஏழு எழுத்துகளைப் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். ப, ட, கு, ம், தி, ல், ர. கடிகாரம் இல்லை, எதிராளி இல்லை. கச்சிராயபாளையம் சாலையில் வண்டி குலுங்கிக்கொண்டு போக, சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது பதினைந்து இருந்தது. அப்படியானால் சொல்லெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, அவசரம்தான் அதை விரட்டியடிக்கிறது. இரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாள். மெய்யெழுத்து இரண்டு வந்தால் அவற்றை முதலில் ஒதுக்கிவைத்து, சொல்லின் வாலில் ஒட்டிப் பார்க்கவேண்டும் என்பது தானாகப் புரிந்தது. ‘ம்’மை வாலில் வைத்தால் படம், குடம், திடம். ‘ல்’லை வைத்தால் குடல், திடல், பதில். பெரிய சொல்லைத் தேடிக்கொண்டு நிற்காமல் முதலில் இரண்டெழுத்துச் சொல் ஒன்றைப் போட்டுவிட வேண்டும். கை ஓட ஆரம்பித்தால் கண்ணும் ஓடும். ஐந்து நொடி ஒன்றும் தோன்றாவிட்டால் எழுத்துகளைக் கலைக்கும் பொத்தானை அமுக்கிவிட வேண்டும். இடம் மாறினால் அதே எழுத்து வேறு முகம் காட்டும். கடிகாரத்தைப் பார்த்தால்தானே பயம் என்று, திரையில் அது ஓடும் மூலையை பிளாஸ்திரித் துண்டு ஒட்டி மறைத்துவிட்டாள்.

மாசி முடிவதற்குள் எட்டு, ஒன்பது என்று ஏறியது. பங்குனியில் பதின்மூன்றுக்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

அந்த நாட்களில்தான் ‘மலைத்தேன்’ என்ற பெயரில் ஒருத்தி எதிரே வர ஆரம்பித்தாள். விஜயலட்சுமிக்குச் சமமாக ஆடுபவள். ஆட்டம் முடிந்ததும் சின்னதாகச் செய்தி அனுப்புவாள். ‘அக்கா, பகுதின்னு ஒரு சொல்லு இருந்துச்சே, வுட்டுட்டீங்களே.’ பேசப் பேசத் தெரிந்தது: அவள் பெயர் மீனா. கல்வராயன் மலைக்காரி, அங்கேயே ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம நர்ஸ். கீழே வரும்போதெல்லாம் விஜயலட்சுமியின் குரலைக் கேட்டவள். ‘நீங்க சொன்னாத்தான் எங்க வண்டி கெளம்பும்னு சின்ன வயசுல நெனச்சிக்கினு இருந்தேன்’ என்று எழுதினாள். தினம் காலை பத்தேகாலுக்கு இருவரும் ஓர் ஆட்டம் ஆடுவது வழக்கமாயிற்று.

பங்குனிக் கடைசியில், குளிக்கும்போது, கையிலிருந்த செம்பு நழுவியது. அதன் பெயரும் நழுவியது. ஒரு நிமிடம்கூட இருக்காது. ஈரத்தலையோடு வந்து போனை எடுத்து ஓர் ஆட்டம் ஆடினாள். பதினான்கு. ‘பதினாலு போடறவளுக்கு இன்னா வியாதி’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அன்று முழுக்கத் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தாள்.

சித்திரை மாதத்தில் அது முழுதாக வந்தது.

பத்தேகால். ஏழு எழுத்துகள் வந்தன. விஜயலட்சுமி தொட்டாள், இழுத்தாள். சிவப்பு. இன்னொன்று. சிவப்பு. சரியாகத்தானே போடுகிறோம் என்று தோன்றியது. மூன்றாவது, நான்காவது, எல்லாமே சிவப்பு. விரல் எங்கேயோ தூரத்தில் இருப்பதுபோல இருந்தது. ஆட்டம் முடிந்து செய்தி ஒன்று வந்தது. அதைப் பார்த்தாள். எழுத்துதான் அது, ஆனால் எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது. ஒரு சொல்கூடப் படிக்க முடியவில்லை.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதுதான் கொடுமை. யாரையாவது கூப்பிட வேண்டும். இடது கையால் மைக்கின் சுவிட்சைத் தட்டினாள். ‘யாராவது வாங்க’ என்று சொல்வதற்காக வாயைத் திறந்தாள்.

“சரி” என்றது ஒலிபெருக்கி.

பேருந்து நிலையம் முழுக்க அவள் குரல் கேட்டது. “சரி. சரி.” பழம் விற்பவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். சின்னசேலம் வண்டி ஹாரன் அடித்தது. அப்பாவின் சொல் தன் வாயிலிருந்து வருவதை அவள் தன் காதாலேயே கேட்டாள். அதற்குமேல் வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன் மலை வண்டியின் கண்டக்டர் முருகன். காதில் போனை வைத்திருந்தான்.

“ம்மா, ரெண்டு கையும் தூக்குங்க” என்றான்.

இடது கை எழுந்தது. வலது கை மடியிலேயே கிடந்தது.

“ஒண்ணுதான் தூக்கறாங்க, மீனா” என்று போனில் சொன்னான். “வாயி ஒரு பக்கமா இழுத்துக்கினு இருக்கு.”

“ஆட்டோ புடி. பெரியாஸ்பத்திரிக்குப் போ, வேற எங்கயும் நிறுத்தாத” என்ற குரல் விஜயலட்சுமிக்கும் கேட்டது. “அவங்க போனையும் எடுத்துக்க.”

நடந்தது இதுதான். மேலே மலையில், பத்தேகால் ஆட்டத்தில் எதிரே வரிசையாகச் சிவப்பு விழுவதை மீனா பார்த்தாள். தினம் பதின்மூன்று போடுபவள் ஒன்றுகூடச் சரியாகப் போடவில்லை. ‘அக்கா, இன்னா ஆச்சு? கை மரத்துப்போச்சா?’ என்று எழுதினாள். பதில் இல்லை. விஜயலட்சுமியின் எண் அவளிடம் கிடையாது. தன் ஊர் வண்டி அந்நேரம் கீழே நிற்கும் என்பது தெரியும், கண்டக்டரின் எண் மலையில் எல்லாரிடமும் உண்டு.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, “எத்தன மணிக்கு ஆரம்பிச்சுது? கரெக்டா தெரியணும்” என்பதுதான். மீனா முருகனிடம் போனிலேயே, அந்த விளையாட்டைத் திறந்து கடைசி ஆட்டத்தின் நேரத்தைக் காட்டச் சொன்னாள். 10.16. அதற்கு முந்தைய நாள் ஆட்டம் முழுக்கப் பச்சை. ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. அதைக் கரைக்கும் ஊசியை ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், போட்டார்கள்.

சாயங்காலம் இளஞ்செழியன் கட்டிலருகே நின்றான். சட்டையில் செம்புக் கம்பித் துணுக்குகள் அப்படியே ஒட்டியிருந்தன. “விஜயா, இன்னா பண்ணுது?” என்றான்.

அவள் வாயைத் திறக்கத் தயங்கினாள். என்ன வருமோ. இரண்டு தடவை உதடு அசைந்தது.

“பயமா இருக்கு” என்றாள்.

சொல் சரியாக வந்ததைக் கேட்டு அவளே அழுதுவிட்டாள். அழுதபடியே தை மாதத்தையும் செம்பு நழுவியதையும் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். இடையில் வராத சொல்லுக்காக அவன் பொறுமையாகக் காத்திருந்தான்.

“அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னா நெசமாப் பூடும்னு...”

அவன் அவளுடைய வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் விஜயலட்சுமி டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டாள். “அவ்ளோ நல்லா ஆடிக்கினு இருந்தேனே. மூளைக்கு நல்லதுன்னு தானே...”

“ஆட்டத்துல தேறினீங்க, வாஸ்தவம்தான். அடைச்ச கொழாய்க்கு அது தெரியாதும்மா” என்றார் டாக்டரம்மா. “தை மாசமே வந்திருந்தா மாத்திரையிலயே பாத்திருக்கலாம். ஆனா நீங்க மூணு நாலு போடறவங்களா இருந்திருந்தா, அன்னிக்கு அந்தப் பொண்ணுக்குச் சந்தேகமே வந்திருக்காது.”

மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு அரை நாள் மட்டும் என்று மைக்குக்குத் திரும்பினாள். ஊர்ப் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதி எதிரே ஒட்டிக்கொண்டாள். இன்னும் சில சொற்கள் ஒளிந்துகொள்கின்றன, அதிகமும் ஆட்களின் பெயர்கள். விளையாட்டில் ஐந்து ஆறுக்கு இறங்கிவிட்டாள். மறுபடியும் பேப்பர், பேனா, கடிகாரம் இல்லாத ஆட்டம் என்று அடியிலிருந்து தொடங்கியிருக்கிறாள். பயம் போகவில்லை. கை மரத்தால், பெயர் நழுவினால், உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள், யாராக இருந்தாலும் சரி.

மீனாவோடு பத்தேகால் ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. ஜெயிப்பதற்காக அல்ல, இருவரும் நன்றாக இருக்கிறோம் என்பதற்கு அது அடையாளமாகிவிட்டது.

ஆவணியில் ஒரு நாள் பத்தேகாலுக்கு மலைத்தேன் வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. விஜயலட்சுமி போன் செய்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மூன்று நாளாக மலையில் மழை. மீனா ஸ்கூட்டரில்தான் ஊர் ஊராகப் போவாள், வழியெல்லாம் வளைவும் பள்ளமும். பாத்திரக்கடை விளம்பரத்தில் இரண்டு வரியை விட்டுவிட்டு வாசித்தாள். மறுபடியும் போன், மறுபடியும் அதே பதில். இந்தப் பயம் தன் உடம்பைப் பற்றிய பயத்தைவிட மோசமாக இருந்தது. இதற்குக் கையைத் தூக்கிப் பார்க்கவும் வழியில்லை.

பதினொன்று இருபதுக்கு ஜன்னலில் நிழல் விழுந்தது. நர்ஸ் சேலை கட்டிய ஒரு பெண், கையில் நனைந்த குடையோடு, உள்ளே எட்டிப் பார்த்தாள். முன்னே பின்னே பார்த்திராத முகம்.

“அக்கா, கீழ மீட்டிங்கு. வர்ற வழியெல்லாம் டவரே இல்ல” என்றாள். “தேடிக்கினு இருப்பீங்கன்னு எறங்கனதும் இங்கதான் வந்தேன்.”

விஜயலட்சுமி எழுந்து நின்றாள். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. “ஒரு மணி நேரமா உசுரே போயிடுச்சுடி” என்றாள்.

மீனா குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். அந்த அறையில் இரண்டாவது ஆள் உட்கார இடமில்லை. விஜயலட்சுமி தன் நாற்காலியை அவளிடம் தள்ளிவிட்டு, டீக்குச் சொல்ல ஜன்னல் வழியே கடைக்காரரைக் கூப்பிட்டாள்.