ஊமைப்புலியின் கை

அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பலூன் அக்கா என்றால்தான் தெரியும். காமிக்ஸ் புத்தகத்தில் ஆட்கள் பேசுவதெல்லாம் வாயருகே ஒரு வெள்ளை பலூனுக்குள் இருக்கிறதே, அது அவள் கையெழுத்து. டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள், அதில் ஜன்னலோரம் ஒரு சாய்வுப் பலகை, மைப்புட்டி, நாலைந்து பேனா. கல்யாணம் காட்சி என்று எதையும் நினைக்காமல் பாதி ஆயுளை அங்கேயே கழித்துவிட்டாள். பறப்பவன், பாய்பவன், சுவரைத் துளைத்துக்கொண்டு வருபவன் என்று அத்தனை மாவீரர்களும் அவள் தயவில்தான் வாய் திறந்தார்கள், ஊமைப்புலியைத் தவிர. ஊமைப்புலிக்குப் பேச்சு வராது. அவனை வரைந்தவன் அவளுடைய தம்பி.

தம்பியை அந்த வேலைக்குக் கூட்டிவந்ததே அவள்தான். நாலு பேர் கூடியிருந்தால் அவனுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். சொந்தக் கல்யாணத்திலேயே மாப்பிள்ளை எங்கே என்று தேடும்படி ஆயிற்று. பென்சிலைக் கொடுத்துவிட்டால் மட்டும் ஆளே வேறு. ஊமைப்புலியின் கோபத்தைத் தோளில் காட்டுவான், அழுகையை விரலில் காட்டுவான். வாசகர்கள் உருகி உருகி எழுதும் கடிதங்களைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவான். தன்னிடம் ஏதோ இருக்கிறது என்று அவன் நம்பியது அந்த ஒரு விஷயத்தில்தான். அக்காவுக்கு அது தெரியும், அதனால் அந்த நம்பிக்கையைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினாள்.

இருவருக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. படத்தில் எந்த இடத்தை மறைக்கக்கூடாதோ அங்கே தம்பி நீலப் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவான். அந்த நீலம் அச்சில் விழாது. குறியைச் சுற்றி ஒதுங்கி அவள் பலூனை வைப்பாள். இத்தனை வருஷத்தில் அவன் வரைந்த ஒரு புருவத்தைக்கூட அவள் மறைத்தது கிடையாது.

அப்புறம் முதலாளிக்கு ஆசை வந்தது. மரியாதைக்காக ஆசை என்கிறேன், உண்மையில் அது பைத்தியம். கம்பெனியின் நாயகர்கள் அத்தனை பேரையும் ஒரே கதையில் மோதவிட்டு 'ஒன்பது வானங்களின் போர்' என்று பெயர் வைத்தார். ஒரு பத்திரிகையில் ஆரம்பிக்கும் சண்டை அடுத்த பத்திரிகையில் தொடரும், இன்னொன்றில் முடியும். எல்லாவற்றையும் வாங்கினால்தான் தலையும் வாலும் புரியும். ஆளுக்கொரு பக்கமாக எழுதித் தள்ளியதில், இங்கே செத்தவன் அங்கே வந்து ஜோக் அடித்தான். இத்தனை கூத்துக்கும் நடுவில் வாசகர்கள் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்ததற்கு ஒரே காரணம்தான். எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட துரோகி யார்? எல்லோரும் ஊமைப்புலியைக் கைகாட்டினார்கள். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாயில்லை.

முடிவு வெளியே கசியக்கூடாது என்று கதையை யாருக்கும் முழுசாகக் காட்டவில்லை. அவளுக்கு வந்ததெல்லாம் வசனம் மட்டும்தான். நேரமும் இல்லையாம். அதனால் வரைந்து முடித்த பக்கத்தின் மேல் எழுதும் பழைய வழக்கத்தையும் தூக்கிப் போட்டார்கள். யாரோ போட்ட கரடுமுரடான வரைவைப் பார்த்து அவள் தனித் தாளில் பலூன் எழுதித் தரவேண்டும், படமும் பலூனும் அச்சகத்தில்தான் ஒன்றுசேரும். கடைசிப் பக்கத்தைத் தம்பி வீட்டில் வைத்து வரைந்தான். ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தான்.

"என்னடா வரையறே, எனக்குக்கூடச் சொல்ல மாட்டியா?" என்று கேட்டாள்.

"நீ புக்குலயே பாருக்கா. அதுல உனக்கு வேலையே இல்ல. ஒரு வசனம் கிடையாது" என்றான். அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அச்சுக்குப் போகும் அன்று மத்தியானம் எடிட்டர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். வசனமில்லாமல் கதையை முடித்தால் யாருக்குப் புரியும் என்று முதலாளி குதிக்கிறாராம். அந்த மாவீரர்களில் ஒருவனான சூறாவளித் தளபதிக்கு நீளமாக ஒரு வீர வசனம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"எங்கயாவது வச்சுடுங்கக்கா. பிரஸ்காரன் உயிரை வாங்கறான்."

வரைவில் மேலே முழுக்க வீரர்கள், கொடிகள். மூச்சுவிட இடமில்லை. கீழே மட்டும் பெரிய கற்குவியல் ஒன்று இருந்தது.

"கீழ வெறும் கல்லுதானே?" என்றார் எடிட்டர்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. வரைவு தம்பி போட்டதல்ல, அதனால் குறி எதுவும் இல்லை. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவன் வீட்டுக்குப் போன் செய்தாள். தம்பி மனைவி எடுத்தாள்.

"இப்பதான் அண்ணி கண்ணசந்தாரு. ரெண்டு நாளா தூக்கமே இல்ல. எழுப்பட்டுமா?"

எடிட்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேணாம்மா, பாவம். தூங்கட்டும்" என்று அவள் போனை வைத்தாள். கற்குவியலின் மேல் வருமாறு பலூனை எழுதிக் கொடுத்தாள்.

புத்தகம் வந்த அன்று தம்பி தலைவாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தான். அவள் மேசையருகிலேயே நின்று கடைசிப் பக்கத்தைத் திறந்தான். பார்த்தான். பின்னட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி அதே பக்கத்துக்கு வந்தான்.

"கை எங்கக்கா?"

"எந்தக் கைடா?"

அச்சகத்திலிருந்து அசல் படத்தை வரவழைத்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. இடிந்து விழுந்த கற்களுக்கு நடுவே ஒரே ஒரு கை. நகம் பெயர்ந்து, நரம்பு புடைத்து, கோட்டைக் கதவின் தாழ்ப்பாளை இறுக்கி மூடிப் பிடித்திருக்கிறது. துரோகி என்று யாருமே இல்லை, எதிரி சுவரை இடித்துத்தான் உள்ளே வந்திருக்கிறான். ஊமைப்புலி கதவைத் திறக்கவில்லை, சாகிறவரைக்கும் அடைத்துப் பிடித்திருந்தான். ஒரு வருஷக் கேள்விக்கு அதுதான் பதில். நடுவிரலோரம் பேனா பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறியிருந்தது. தம்பி அவளுடைய கையைத்தான் வரைந்திருந்தான். கையில் நீலக் குறியும் இருந்தது. அதன் மேல்தான், "விடியல் நமதே!" என்று சூறாவளித் தளபதி முழங்கிக்கொண்டிருந்தான்.

வாசகர்கள் கிழி கிழி என்று கிழித்தார்கள். துரோகி யாரென்று சொல்லாமலே கதையை முடித்துவிட்டார்கள், ஒரு வருஷம் எங்களை முட்டாளாக்கினார்கள் என்று திட்டினார்கள். பலூன் எழுதுகிறவள் என்று ஒருத்தி இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தின் கீழே தம்பி பெயர்தான் இருந்தது. 'ஊமைப்புலியை வரையவே மறந்துவிட்டார் ஓவியர், சரக்குத் தீர்ந்துவிட்டது போலும்' என்று எழுதினார்கள். அவன் ஒன்று விடாமல் படித்தான். தப்பு என்னுடையது என்று அச்சில் போடுங்கள் என்று அவள் எடிட்டரிடம் மன்றாடினாள். தொகுப்புப் புத்தகத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று அவர் பூசி மெழுகினார். அந்தத் தொகுப்பைக் கேட்டு எழுத ஒரு நாதியில்லை, அதனால் அது வரவே இல்லை. தம்பியிடம் அவள் எத்தனையோ முறை அழுதாள். ஒவ்வொரு முறையும் "விடுக்கா" என்பான், அவ்வளவுதான். ஊமைப்புலியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். தம்பி ஒரு நாற்காலிக் கடையில் விற்பனைக்கு நின்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அவன் வீட்டுக்குப் போனாள். பென்சில், காகிதம் எல்லாம் பரண் மேலே போயிருந்தன. தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

"என்னைத் திட்டுடா. ரெண்டு அறை கூட விடு. இப்படி இருக்காதே" என்றாள் அக்கா.

"உன்னை எதுக்குத் திட்டணும்? நீ மறைச்சதும் நல்லதாப் போச்சுக்கா. அந்தக் கை சரியா வரல."

தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். முகத்தைப் பார்த்தாள். அதில் பொய் இல்லை.

அவளே நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துவந்தாள். ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போடு. எனக்காகப் போடு."

மறுக்கத் தெரியாதவன், உட்கார்ந்தான். அவள் தோள் மரத்துப்போகும்வரை அசையவில்லை. பென்சில் சத்தம் நின்றதும் வந்து எட்டிப் பார்த்தாள். காகிதத்தில் அவள் கை இருந்தது. காய்ப்பு, பழைய தழும்பு, கம்பியின் துரு ஒட்டிய விரல் நுனி எல்லாம் அப்படியே உயிரோடு இருந்தன. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கும் போகவில்லை, எல்லாம் இவனிடமே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள்.

"பாத்தியாக்கா? இதுவும் வரல" என்று சொல்லிவிட்டு, ரப்பரை எடுத்து அவன் அந்த விரல்களை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தான்.