செல்லம்மா அக்காவின் குளத்துப் பச்சை

தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலையில் தண்ணீர் சுலபம். அது எப்படி இருக்கிறது என்று ஆட்களுக்குச் சொல்வதுதான் உயிரை வாங்கும். ஜெலாப்பாங்கில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக எனக்கு இந்த மாரடிப்பு. அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் பிறகு தூக்கம் கெட்டவர் உங்களில் இருந்தால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

வெயில் காயும் கிருமி

காம்பார் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். விற்றுப் பல வருஷமாகியும் செல்லம்மா அக்கா மட்டும் ஏழு மாடுகளோடு, தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய கடைசி லயத்து வீட்டிலேயே இருந்தார். பால்தான் வருமானம். கன்று ஒன்று குளத்தில் குடித்துவிட்டுச் செத்ததால் என்னைக் கூப்பிட்டார். குளம் முழுக்கப் பச்சைப் பெயிண்ட் கொட்டியது மாதிரி ஆடை படர்ந்திருந்தது.

"நீலப்பச்சைப் பாசிக்கா. பேருதான் பாசி, ஆனா பாக்டீரியா. இலை மாதிரி வெயில்ல தானே சமைச்சுக்கும்" என்றேன். அவர் நான் தண்ணீர் பிடித்த போத்தலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"கிருமின்னா புண்ணுல இருக்கும், சாணியில இருக்கும். வெயில் காயிற கிருமிய இப்பத்தான்லா கேள்விப்படுறேன் தம்பி."

நாலு பக்கம்

விஷம் இருப்பது உறுதியானது. எங்கள் கூடத்து முதலாளி அவருக்கு ஆங்கிலத்தில் நாலு பக்க அறிக்கை அனுப்பினார். அக்காவுக்கு அது எதற்கு ஆகும்? நானே போன் போட்டேன். "அந்தப் பச்சைதான் விஷம். மாட்ட அங்க விடாதீங்க, பைப்புத் தண்ணி காட்டுங்க."

"ஏழு மாட்டுக்குமா? எங்களுக்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி வருது தம்பி."

தெளிந்த தண்ணீர்

இரண்டு வாரம் கழித்து மறுபடி போத்தலோடு போனேன். குளம் அடி தெரியத் தெளிந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, மறைக்க மாட்டேன். அப்புறம்தான் கொட்டகையைப் பார்த்தேன். ஏழில் இரண்டுதான் நின்றன.

அக்கா மீன் வளர்ப்பவரிடம் பாசியைக் கொல்லும் மருந்து வாங்கிக் குளத்தில் ஊற்றியிருக்கிறார். பச்சை போனதும் மாடுகளை அவிழ்த்துவிட்டிருக்கிறார். இந்தச் சனியன் சாகும்போது உள்ளே வைத்திருந்த விஷத்தையெல்லாம் மொத்தமாகத் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் சாகும். அது எனக்குத் தெரியும். அறிக்கையில் மூன்றாம் பக்கத்தில் எழுதியும் இருக்கிறது. போனில் நான் சொல்லவில்லை. என்ன பிழைப்பு இது என்று அங்கேயே வெறுத்துப் போனது. அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"நீங்கதானே தம்பி பச்சைதான் விஷம்னு சொன்னீங்க. ஒரு பொட்டுப் பச்சை இல்லாம எடுத்துட்டுத்தான் மாட்ட விட்டேன்."

இப்போதெல்லாம் கலங்கிய குளத்தைத் தாண்டி நிம்மதியாகப் போகிறேன், தெளிந்த குளத்தைக் கண்டால்தான் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வீடு வீடாகக் கதவைத் தட்டி, மருந்து ஊற்றினீர்களா என்று கேட்டுப் பைத்தியக்காரன் என்று பெயர் வாங்குகிறேன்.