ஏழாம் நம்பர் பாறையும் ஒரு டின் மஞ்சள் பெயின்டும்

தவளை எண்ணுவது என் தொழில் என்று சொன்னால் கேட்பவர் முதலில் சிரிப்பார், பிறகு பென்ஷன் உண்டா என்று கேட்பார். தவளை எப்படி இருக்கிறது என்று கேட்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஃபோம் என்ற படிவத்தை நிரப்பியே ஆயுள் கழிக்கும் அன்பர்களே, நானும் உங்களில் ஒருவன்தான். உங்கள் வேலை அலுமாரிக்குள் இருக்கிறது, என் வேலை பாறை வெடிப்புக்குள் இருந்தது, வித்தியாசம் அவ்வளவே. கண்டிக்குப் பக்கத்தில் என் ஊரான மடவளையில் இருந்து பஸ் ஏறி, வத்துகாமத்தில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோவில் மேலே போனால் நக்கிள்ஸ் மலைச்சரிவில் ஓர் ஓடை வரும். இந்த மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பாறைத் தவளை அங்கே இருந்தது. அழியப்போகிறவற்றின் பட்டியலில் அதற்கு நல்ல இடம். மாதம் இருமுறை போய் அதை எண்ணி எழுதும் கள உதவியாளனாக ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் ஆறு வருடம் இருந்தேன்.

மாமி கேட்ட ஆதாரம்

வேலை கிடைத்த புதிதில் கட்டுகஸ்தோட்டையில் மாமி வீட்டில் ஒரு பகல் விருந்து. மாமி என்றால் என் மனைவியின் உம்மா. மருமகன் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் "ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் வட்டிலப்ப இனிப்பை அவர்கள் முன்னால் தள்ளிவிடுவார். அன்று வந்த ஒருவர் வட்டிலப்பத்துக்கு மசியவில்லை. என்ன ஆராய்ச்சி என்று என்னையே கேட்டார். "தவளை" என்றேன். அவர் தன் கோப்பையை என் பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளிவைத்தார்.

நிலைமையைச் சமாளிக்க, தவளையைக் கொல்லக் கூடாது என்று நமது மார்க்கத்திலேயே இருக்கிறது அல்லவா என்று எடுத்துவிட்டேன். விருந்தாளி தலையாட்டினார். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். மாமி கோப்பையை எடுத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "கொல்லக் கூடாது என்டுதான் சொல்லீக்குது மகன். எண்ணச் சொல்லி எங்க சொல்லீக்குது?"

விரலளவு தகப்பன்

எங்கள் திட்டத்தின் தலைவி யாழ்ப்பாணத்துக்காரர். காய்ச்சலுக்கு மருந்து தரும் டொக்டர் அல்ல, படித்து வாங்கிய டொக்டர். எல்லோரும் டொக்டர் மிஸ் என்போம். எங்களை ஓட்டோவில் ஏற்றிப்போகும் பண்டா மட்டும் வித்தியாசம் பார்க்காமல் தன் முழங்கால் வலியை அவரிடமே காட்டிக்கொண்டிருந்தான்.

முதல் நாள் அவர் என்னைப் பாறையில் குப்புறப் படுக்கவைத்தார். பல் டொக்டர் வாய்க்குள் விடுவாரே, நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி, அதையும் ஒரு டோர்ச்சையும் கையில் தந்து வெடிப்புக்குள் பார் என்றார். பார்த்தேன். தோசை மாதிரித் தட்டையாக, என் பெருவிரல் நீளத்தில் ஒரு தவளை. அதன் பக்கத்தில் பாறைச் சுவரில் முட்டைகள் ஒட்டியிருந்தன. உட்கார்ந்திருந்தது தாய் அல்ல, தகப்பன். முட்டை பொரிக்கும்வரை காவல் அவர் பொறுப்பு. பொரித்த பிறகு குஞ்சுகள் ஓடைக்குள் நீந்தப் போவதில்லை. பாறைமேல் கடதாசி கனத்தில் தண்ணீர் வழிகிறதே, அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஊர்ந்து வளர்கின்றன. அந்த ஈரம் சில நாள் காய்ந்தால் கதை முடிந்தது. ஓடையில் எவ்வளவு வெள்ளம் போனாலும் அவற்றுக்குப் பிரயோசனம் இல்லை.

எனக்கும் மூன்று பிள்ளைகள். மூத்தவள் பிறந்த அன்று நான் கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் யாரோடோ அரசியல் பேசிக்கொண்டிருந்தவன். அதனால் அந்தத் தகப்பனைக் கண்டதும் கொஞ்சம் வெட்கமாகவும் மிகவும் பிரியமாகவும் இருந்தது. அந்த வெடிப்புத்தான் பிறகு ஏழாம் நம்பர் ஆனது. வானம் கறுக்கத் தொடங்க, டொக்டர் மிஸ் பையை மாட்டிக்கொண்டு சொன்னார்: "இவர் முட்டையை விட்டிட்டு ஒரு அடி அசையமாட்டார், பாருங்கோ. நாங்கள்தான் மழை வரப்போகுது எண்டு இப்பவே வெளிக்கிடுறம்."

சொந்த மூளை

மலையில் எல்லாப் பாறையும் ஒரே பாறைதான். பனி இறங்கினால் போன மாதம் படுத்த இடம் இந்த மாதம் தெரியாது. ஒருநாள் அரை மணித்தியாலம் குப்புறப் படுத்து, காலில் மாட்டிய இரண்டு மேசுக்குள்ளும் அட்டைக்கு இரத்த விருந்து வைத்து, கடைசியில் பார்த்தால் அது தவறான வெடிப்பு.

பாறையில் அடையாளம் வைப்பதென்றால் தீப்பெட்டி அளவில், கீழ்ப்பக்கமாக, நமக்கு மட்டும் தெரிகிற மாதிரி வை என்று டொக்டர் மிஸ் சொல்லியிருந்தார். அவர் தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போன கிழமையில் எனக்குச் சொந்த மூளை வேலை செய்யத் தொடங்கியது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு டின் மஞ்சள் பெயின்ட் வாங்கினேன். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை, ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். ஏழுக்கு நடுவில் பள்ளிக்கூடத்தில் பழகிய மாதிரி ஒரு குறுக்குக் கோடு. அதோடு விட்டேனா? ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் அடுத்த நம்பருக்கு அம்புக்குறி போட்டேன். பெயின்ட் படாமல் ஈரப் பகுதியை விட்டு மேலே, காய்ந்த இடத்தில் எழுதிய என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

டொக்டர் மிஸ் வந்து பார்த்தார். யார் எழுதியது என்று கேட்டார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்களாக இருக்கும் என்றேன். பண்டா சிங்களவன், வத்துகாமம் கடைத்தெருவில் தமிழ் பழகியவன். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது மட்டும் ஓட்டோவின் கண்ணாடியில் என்னைப் பார்த்து, அண்ணனுக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் நானாவைப் போட்டுச் சொன்னான்: "நல்ல வேலை நானா. இனி வழி தெரியாதவனும் வருவான்."

புஷ்பம் துவைத்த போர்வை

நாலாம் நம்பருக்குக் கீழே ஒரு தட்டைப் பாறை. அங்கே லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் உடுப்புத் துவைப்பார்கள். அதில் புஷ்பம் என்பவரிடம் போய், சவர்க்காரம் பாறை ஈரத்தில் கலந்தால் தவளைக் குஞ்சுகளுக்கு என்ன ஆகும் என்று ஒரு விரிவுரை நடத்தினேன். தவளைக்குத் தோலாலும் மூச்சு விடும் பழக்கம் உண்டு என்பதுவரை போனேன். காலையெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்த அந்தப் பெண், போர்வையின் ஒரு முனையை என் கையில் தந்து முறுக்கச் சொன்னார். நான் முறுக்கிக்கொண்டே விரிவுரையை முடித்தேன்.

முழுவதையும் கேட்டுவிட்டுப் புஷ்பம் ஓடை ஓரமாகப் போன இரண்டு குழாய்களைக் காட்டினார். ஒன்று கட்டைவிரல் பருமன், அது முப்பது குடும்பத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது. மற்றது என் தொடை பருமன், ஏழாம் நம்பருக்கு மேலே ஓடையை மறித்து எடுத்தது, புதிதாக வந்த ஹோட்டலுக்குப் போவது. "தவளைக்குத் தண்ணி வேணும்னு கண்டியில இருந்து வண்டி வச்சுக்கிட்டு வாறீங்க சார், சந்தோசம். எங்க லயத்துக்குத் தண்ணி வேணும்னு கேட்க ஒரு தவளையாவது வருமாங்க?"

சீமெந்துத் தவளை

தொடை பருமன் குழாயைப் பிடித்துக்கொண்டே போனேன், ஹோட்டல் வந்தது. வாசலில் தவளைப் படம், அறைக் கதவுகளில் தவளைப் படம், குளித்துத் துடைக்கும் துவாயில் தவளைப் படம். நீச்சல் குளத்தின் தலைமாட்டில் கன்றுக்குட்டி அளவில் ஒரு சீமெந்துத் தவளை, வாயிலிருந்து ஓயாமல் தண்ணீர் கொட்டுகிறது. உண்மையான தவளையின் வாயிலிருந்து பிடுங்கிய தண்ணீர்.

மேனேஜர் கண்டி டவுன்காரர், நல்ல மனிதர். கதிரை போட்டு, பால் விடாத பிளேன்டி தந்தார். மழை குறையும் மாசி, பங்குனியில் மட்டுமாவது ஓடையில் பாதித் தண்ணீரை விடுங்கள் என்று கேட்டேன். அவர் மனம் நொந்துபோனார். அந்த மாதங்களில் அறைகளுக்கே இரண்டு மணித்தியாலம்தான் தண்ணீர், வருபவர்கள் சண்டை பிடிக்கிறார்கள் என்றார். பிறகு சீமெந்துத் தவளையைக் காட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எங்களுக்குத் தவளை மேல அக்கறை இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். இந்த ஹோட்டல்லயே இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி கிடைக்கிறது அதுக்கு ஒண்ணுக்குத்தான்."

பன்னிரண்டு குளியல்

அடுத்த முறை போனபோது ஓடையில் கல்யாண வீட்டுச் சத்தம். மஞ்சள் நம்பர்களை யாரோ படம் பிடித்துப் போட, அது கைபேசி கைபேசியாகப் பரவியிருந்தது. ஒன்றில் தொடங்கிப் பன்னிரண்டில் முடிக்க வேண்டுமாம், ஒவ்வொரு நம்பரிலும் குளிக்க வேண்டுமாம், முழுவதும் முடித்தவன் வீரனாம். அம்புக்குறி இருப்பதால் வழிகாட்டிகூடத் தேவையில்லை. ஏழாம் நம்பர் பாறைமேல் ஆறு பேர் நின்று தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். நுரை வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அந்தத் தகப்பன் புதிய முட்டைகளோடு இருந்தார். இரண்டு கிழமைக்கு முன்புதான் பார்த்திருந்தேன்.

நான் கத்தினேன். என் வாழ்க்கையில் மனைவியிடம்கூட அப்படிக் கத்தியதில்லை, துணிவு போதாது. பையன்கள் மரியாதையானவர்கள், உடனே இறங்கிவிட்டார்கள். ஷாம்புப் பைக்கற்றுகளைக்கூடப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். போகும்போது ஒருவன் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னான்: "நம்பர் போட்டு ரூட் காட்டின மனிசன் நல்லா ஈக்கோணும் நானா. அவரில்லாட்டி இப்படி ஒரு இடம் ஈக்கிறதே எங்களுக்குத் தெரியா."

பூச்சியம்

கம்பித் தூரிகை கொண்டுபோய் மஞ்சளைச் சுரண்டினேன். பெயின்டோடு பாசியும் வந்தது. பெயின்டைக் கரைக்கும் தின்னர் ஊற்றலாமா என்று பண்டா கேட்டான். நான் ஏற்கெனவே செய்த உதவி போதும் என்றேன்.

அந்த வருடம் பங்குனியில் மழையும் ஏமாற்றியது. ஏழாம் நம்பரில் தண்ணீர் வழிந்த இடம் வெள்ளைத் தழும்பாகக் காய்ந்திருந்தது. கண்ணாடியை உள்ளே விட்டேன். முட்டைகள் உலர்ந்த பசை மாதிரிச் சுவரில் ஒட்டியிருந்தன. அவர் அங்கேதான் இருந்தார். இடம் மாறவில்லை, காய்ந்துபோயிருந்தார். நாலடி தள்ளி ஓடையில் தண்ணீர் இருந்தது, போகவில்லை. பாறையிலேயே கொஞ்ச நேரம் குப்புறப் படுத்துக்கிடந்தேன். எழுந்தால் பண்டா என் முகத்தைப் பார்ப்பான் என்று இருந்தது.

பன்னிரண்டு வெடிப்பிலும் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஆறு முறை போயும் ஒன்றுமில்லை. ஃபோமில் "கண்ட தவளைகள்" என்ற கட்டத்தில் பூச்சியம் போட்டு அனுப்பினேன், கணினி திருப்பி அனுப்பியது. ஒன்று என்று போட்டிருந்தால் திட்டமும் என் வேலையும் இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கும். ஒரு பொய் ஏற்கெனவே சொல்லியிருந்ததால் இரண்டாவதற்கு மனம் வரவில்லை. கொழும்பு அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தேன். அங்கே இருந்தவர் பொறுமையாக விளக்கினார்: "பூச்சியம் சிஸ்டத்துல போகாது மிஸ்டர். நீங்க இப்பைக்கு ஒன்டு போட்டுவிடுங்க, தவளையைப் பிறகு பார்த்துக்கலாம்."

குறுக்குக் கோடு

பூச்சியத்தை டொக்டர் மிஸ் கடிதமாகவே எழுதி அனுப்பினார். திட்டம் மூடப்பட்டது. இந்தத் தவளை மலையின் வேறு சில ஓடைகளில் இன்னும் இருக்கிறது. எந்த ஓடை என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

கடைசி நாள் சாமான்களை எடுக்கப் போனபோது, ஏழாம் நம்பர் பாறையருகே அவரிடம் உண்மையைச் சொன்னேன். மஞ்சள் பெயின்ட் தோட்டத்து ஆட்கள் அல்ல, நான்தான் என்றேன். ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவர் சுரண்டியும் போகாமல் கிடந்த மஞ்சளை விரலால் தடவிவிட்டுச் சொன்னார்: "தெரியும் ரிஸ்வி. எங்கட ஆக்களில ஏழுக்கு நடுவில கோடு போடுறது நீங்கள் ஒராள்தான்."

ஆறு வருடம் எண்ணிய அனுபவத்தில் சொல்கிறேன், அந்தத் தவளைக்கு உண்மையிலேயே நன்மை செய்தவர்கள் யாரென்றால், பாதி வழியில் அட்டைக்குப் பயந்து திரும்பிப்போனவர்கள்தான்.