நண்டுக்கால் கார்த்திகேசு

கிள்ளானில் லோரி ஓட்டும் கார்த்திகேசுவை எல்லாரும் நண்டுக்கால் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பேரைக் கிளப்பிவிட்டதே அவர்தான்.

ஒருமுறை கண்டெய்னர் கதவு இடித்து அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியது. வைத்த இரும்புத் தகட்டில் கிருமி பிடித்துச் சீழ் கட்டியது. தகட்டைக் கழற்றியும் அடங்கவில்லை. காலை எடுக்க வேண்டியதுதான் என்றிருந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். எலும்பில் இருந்த பள்ளத்தை அதை வைத்து அடைத்தார்கள். கிருமி செத்தது, எலும்பு வளர்ந்தது.

"நண்டு ஓட்டுல செஞ்சதாம்ங்க" என்றாள் மனைவி குமுதா.

கேரி தீவு நண்டென்றால் சட்டி காலியாகாமல் எழுந்திருக்காத மனுசன், அன்றோடு நண்டை விட்டார். "காலைக் குடுத்த சாமானை எப்படிலா கடிச்சுத் திங்கிறது?" என்று பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் ஊரே கேட்கச் சொன்னார். தைப்பூசத்துக்கு அந்தக் காலோடு பால்குடம் தூக்கிப் பத்துமலை ஏறினார். குமுதா பக்கத்திலேயே ஏறினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை குமுதாவின் தம்பி விமலன் சாப்பிட வந்திருந்தான். அவன் கையில் மாட்டுக்கறி பர்கர் பொட்டலம்.

"மாட்டைத் தின்னுட்டு என் வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு எத்தனை தடவைடா சொல்றது?" கார்த்திகேசு பிடித்துக்கொண்டார். விட்டபாடில்லை. சாமி அறை, தீட்டு என்று போய்க்கொண்டே இருந்தது.

விமலனுக்குப் பொறுக்கவில்லை. "நான் தின்னது நாளைக்கு வெளிய போயிரும் மாமா. உங்களுக்குக் காலுக்குள்ளயே இல்ல இருக்கு!"

அடுப்படியில் கரண்டி விழுந்தது.

கார்த்திகேசு மனைவியைப் பார்த்தார். "என்ன சொல்றான் இவன்?"

"மேல பூசுனது நண்டு ஓட்டுச் சத்து, கிருமிக்கு. உள்ள வச்சது..." அவள் நிறுத்தினாள். "மாட்டெலும்பு. நல்லாச் சுட்டுச் சுத்தம் பண்ணினதுங்க. நீங்க காய்ச்சல்ல பொலம்பிக்கிட்டுக் கெடந்தீங்க. நர்ஸ் மிஸ்ஸி வந்து, இந்துவாச்சே, மாடு பரவாயில்லையான்னு கேட்டாங்க. நான்தான் போடச் சொன்னேன்."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னிருப்பீங்க."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்!"

"அதான் கேக்கல."

"சரி, அப்ப கேக்கல. கண்ணு முழிச்ச பொறவு? பால்குடம் எடுத்தப்ப? இவனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. நான் ஊரெல்லாம் நண்டு நண்டுன்னு கத்திக்கிட்டுத் திரிஞ்சேன். ரெண்டு பேரும் சிரிச்சீங்களா?"

"சிரிக்கலங்க" என்றாள். விமலன் தலையைக் குனிந்துகொண்டான். அதிலேயே கார்த்திகேசுவுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சட்டையை மாட்டிக்கொண்டு மீன் பாசாருக்கு நடந்தார். நண்டு விற்கும் அக்கா வாயைப் பிளந்தாள். "என்னண்ணே, நண்டைத் தொடமாட்டேன்னீங்க?"

"கட்டுங்க லா. பெருசாப் பார்த்து."

குமுதா அதைச் சமைத்தாள். இரண்டு தட்டு வைத்தாள். அவர் தன் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலில் லோரிப் படியில் போய் உட்கார்ந்து, ஓட்டைப் பல்லால் உடைத்து உடைத்துத் தின்றார். கால் துளிகூட வலிக்கவில்லை. வலித்திருந்தால் கொஞ்சம் தேவலை என்றிருந்தது அவருக்கு.