ஓட்டையில்லாத டிரம்

சென்ற சனிக்கிழமை கோலா சிலாங்கூரில் ஒரு பால் டின் வாங்கினேன். கடைக்காரர் அதை என் கையில் தருவதற்கு முன் ஆணியை வைத்து இரண்டு இடத்தில் குத்தினார். அவசரகாலச் சட்டம். முழு டின்னாக விற்றால் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேருமாம்; ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது விரைவில் கெட்டுவிடும்.

உங்கள் வீட்டு டின்களும் இப்படித்தானே இருக்கின்றன?

கல்லூரி விடுமுறை. ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே சமையலறையில் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு டிரம் – மூடியோடு, துருவில்லாமல், ஒரு குத்துக்கூட விழாமல். உள்ளே நிறையக் குடிதண்ணீர்.

"இது எங்க கெடச்சுது அண்ணி?"

"உங்க அண்ணன் ஸ்டோர்லருந்து கொண்டாந்தாரு. புல்லுக்கு அடிக்கிற மருந்து வந்த டிரம். லயத்து வீடுங்கள்ல எல்லாருக்கும் இதுமேலதான் கண்ணு!"

ரெஜினா அண்ணியின் குரலில் பெருமை.

"மருந்து வந்த டிரம்லயா தண்ணி?"

"ஏழு தண்ணி ஊத்திக் கழுவிட்டேன் லா. சாம்பல் போட்டு, புளி போட்டு... ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

எதில் இல்லை? அவர்களுடைய மூன்று வயது மகள் லூசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு கிடந்தாள். அன்று இரண்டு முறை வாந்தி.

"எத்தன நாளா இப்படி?"

"ரெண்டு மாசமா."

"டிரம் வந்து?"

அண்ணி விரல் மடக்கி எண்ணினாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

மறுநாள் கோயிலில் பூசை முடிந்து வரும்போது, மருந்தடிக்கும் சவரி அண்ணனிடம் அந்த மருந்தைப் பற்றிக் கேட்டேன். தம் பிள்ளையைப் புகழ்வதுபோல் புகழ்ந்தார்.

"அந்த வாய்க்கா ஓரத்தப் பாரு தங்கச்சி. போன வருஷம் அடிச்சது. எத்தன மழ பேஞ்சிச்சு? ஒரு புல்லு மொளச்சிதா? சும்மாவா?"

பார்த்தேன். ஒரு புல் இல்லை. ஓராண்டு மழை கழுவ முடியாததை அண்ணியின் ஏழு தண்ணீர் கழுவிவிட்டதா?

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசரிடம் போனேன். அவர் சிரித்தார். "டிரம்ல ஒட்டியிருக்கிறது எம்புட்டு இருக்கும்? ஒரு வாய் தண்ணியில ஒன்னும் ஆவாதும்மா. புள்ளைக்குப் பூச்சியா இருக்கும்."

ஒரு வாய்க்கு ஒன்றும் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். நேற்று குடித்த வாய் எங்கே போயிற்று? அது உள்ளேயே தங்கியிருக்க, இன்றைய வாய் அதன்மேல் போய்ச் சேர்ந்தால்? நாளைய வாய்?

கேட்டேன். டிரசர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் அண்ணனோ இன்னும் எளிதாகத் தீர்த்துவிட்டார். "நானும்தான் குடிக்கிறேன். செத்தா போயிட்டேன்?"

அண்ணனின் உடம்பு எங்கே, லூசியின் உடம்பு எங்கே?

திங்கட்கிழமை பஸ் ஏறிக் கோலா சிலாங்கூர் போய், ஒரு பெரிய மண்பானை வாங்கிவந்தேன். தோட்டத்துக் கேட்டில் காவலுக்கு நின்றவர் பானைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். ஒரு மணி அரிசிகூட இல்லாததில் அவருக்கு ஏமாற்றம்.

"இதுக்கும் ஓட்ட போடணுமா அண்ணே?" என்றேன்.

"டின்னுக்கு மட்டுந்தான் சட்டம். போம்மா."

நல்ல சட்டம். தேவையான இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் குத்துகிறது.

அண்ணி துணி துவைக்கப் போயிருந்தாள். ஓர் ஆணியும் சுத்தியலும் எடுத்து, டிரம்மின் அடிப்பக்கத்தில் இரண்டு இடத்தில் குத்தினேன், கடைக்காரர் குத்திய மாதிரியே. தண்ணீர் பின்வாசல் வழியாகப் புல்தரைக்கு ஓடியது.

திரும்பி வந்த அண்ணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி! லயத்துலயே இருந்த ஒரே முழு டிரம்மு... என்னடி இது?"

"சட்டம் அண்ணி."

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் லூசிக்குப் பானையிலிருந்துதான் மொண்டு கொடுக்கிறாள்; அதைக் கவனித்தேன். நேற்று குழந்தை வாந்தி எடுக்கவில்லை. ஒரு நாளை நம்பி எதையும் முடிவு செய்கிறவள் அல்ல நான்.

பின்வாசலில், அந்தத் தண்ணீர் ஓடிய இடத்தில் மட்டும், புல் பழுக்கத் தொடங்கியிருக்கிறது.