பசை அக்காவின் இரண்டாவது தோல்வி

செருப்புக்கடையில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பசை அக்கா'. மழைக்கு ஒதுங்கியவர்கூடப் புது ஜோடியோடுதான் படியிறங்குவார். கடிக்கிற ஷூவை, "ரெண்டு நாள் போட்டா சொன்ன பேச்சு கேக்கும்" என்று தள்ளிவிடும் அந்த நாவன்மைக்கு உலகம் சிலை வைக்க மறந்தது. முதலாளி ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்தார்.

மகளின் பள்ளி, போதையிலிருந்து பெண்பிள்ளைகளைக் காக்க ஓர் ஆன்லைன் வகுப்பு நடத்தியது. தாயும் மகளும் ஒரே போனில் சேர்ந்து பார்க்க வேண்டும். அன்றைய பாடம் நடிப்பு: தாய்தான் தோழி, மாத்திரையை நீட்ட வேண்டும், மகள் மறுக்க வேண்டும். மாத்திரைக்குப் பதில் ஒரு சட்டைப் பொத்தான்.

"வேண்டாம்டி, தலைவலிக்கும்."

"இது தலைவலியே வராத ரகம்டி."

"எங்கம்மா திட்டுவாங்க."

"உங்கம்மாவா? அது வாயில்லாப் பூச்சி! பாதி போட்டுப் பாரு, பிடிக்கலைன்னா விட்டுடு. கட்டாயமா என்ன?"

மகள் பொத்தானை வாங்கி வாயருகே கொண்டுபோய்விட்டாள்.

பசை அக்கா வெற்றிப் புன்னகை பூத்தாள். எதை, யாருக்கு விற்றோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மகள் சிரிக்கவில்லை. "டியூஷன்ல ஒருத்தி இதேதான் சொல்றாம்மா. போட்டா தூங்காம படிக்கலாமாம். நாளைக்குக் கொண்டு வர்றா."

அக்கா பொத்தானைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டாள். வகுப்பு போனில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"உன்கிட்ட வாங்காம தப்பிச்சவங்க யாருமே இல்லையாம்மா?"

பழைய எதிரியை நினைக்கும் தளபதிபோல் அக்காவின் முகம் இறுகியது. "ஒரே ஒரு பெரியவர். 'வேண்டாம்மா'ன்னார். ஏன்னு கேட்டேன். 'வேண்டாம்மா'ன்னுட்டு நடையைக் கட்டிட்டார். ஒரு காரணம் சொல்லியிருந்தா, அதைப் பிடிச்சே உக்கார வெச்சிருப்பேன்."

மகள் துள்ளினாள். "அப்போ நான் காரணம் சொன்னதுதான் தப்பு! இன்னொரு தடவை வா!"

அக்கா சளைக்கவில்லை. கெஞ்சினாள், கேலி செய்தாள், நட்பை முறித்துக்கொள்வதாக மிரட்டினாள். எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை: வேண்டாம். அக்காவுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மறுநாள் மாலை, மகள் கடைக்கே ஓடிவந்தாள்.

"வேண்டாம்னேன். ஏன்டின்னா. வேண்டாம்னேன். பயந்தாங்கொள்ளின்னா."

"அப்புறம்?"

"பையைத் தூக்கிட்டு முன் பெஞ்சுக்குப் போய்ட்டேன். கொஞ்ச நேரத்துல இன்னொருத்தியும் எழுந்து வந்து பக்கத்துல உக்காந்துட்டாம்மா!"

பசை அக்கா ஸ்டூல்மேல் ஏறி நின்றாள்.

"முதலாளி! நேத்து என் சரக்கு போணியாகலை!"

"அதுக்கா இந்தக் கூத்து?"

"அதுக்கேதான்!" என்றாள் கட்டிய தொண்டையோடு. ஷூவில் பாதிக் காலை விட்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர், அந்தக் குழப்பத்தில் காலை உருவிக்கொண்டு வெறுங்கையோடு நழுவினார். அக்கா தடுக்கவில்லை.